முத்திரை எங்கே குத்துவாங்க?

என் மாமா ஆர்எம்எஸ்காரர். ரயில்வே மெயில் சர்வீஸ் என்று விரித்துச் சொன்னாலும் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. அப்போதெல்லாம் இரவு ரயிலில் தபாலுக்கென்று ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் ஆட்டத்தோடு ஆட்டமாக நின்றபடி, கடிதங்களை ஊர்வாரியாகச் சின்னச் சின்ன அறைகளில் எறிந்து பிரித்து, அடுத்த ஜங்ஷன் வருவதற்குள் பையைக் கட்டி சீல் வைத்துவிடுவார்கள். திருச்சியிலிருந்து கிளம்பும் வண்டிகளில் பல வருடம் அந்த வேலையைச் செய்தவர் மாமா. கடந்த ஆவணியில் ஏதோ ஒரு படிவத்தில் மின்னஞ்சல் முகவரி கட்டாயம் என்று கேட்டுவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு அழைப்பு வந்தது.

கால் மணி நேர வேலை என்று நினைத்துத்தான் போனேன். ஜிமெயிலில் கணக்குத் தொடங்கினோம். இங்கே முகவரி, இங்கே விஷயம், இங்கே கடிதம், அப்புறம் இந்த நீலப் பட்டன். மாமா என் அலுவலக முகவரிக்கு "அம்மா நலமா?" என்று தமிழில் ஒரு வரி எழுதி அனுப்பினார். பக்கத்திலேயே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த எனக்கு அது வரவில்லை. ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஐந்து நிமிடம். "நொடியில போயிடும்னியே மாப்ள?" என்றார். பதினோரு நிமிடம் கழித்து வந்து விழுந்தது.

"சரி, நடுவுல எங்கேயோ நின்னிருக்கு. எந்த ஆபீஸ்னு முத்திரையைப் பார்த்தா தெரிஞ்சிடும். முத்திரை எங்கே குத்துவாங்க?"

மின்னஞ்சலைப் பற்றி இதைவிடச் சரியான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் முத்திரையைக் காட்டுவதற்கு முன்னால், கடிதம் போகும் வழியைச் சொல்லியாக வேண்டியிருந்தது.

முகவரியிலிருந்து தொடங்கினேன். நடுவில் உள்ள @ குறியை மாமாவுக்கு ஏற்கெனவே தெரியும். கடை பில்லில் "கிலோ @ 40" என்று எழுதுவார்களே, அதுதான். 1971-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், பிபிஎன் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த ரே டாம்லின்சன் அதை முகவரிக்குள் கொண்டுவந்தார். அதுவரை ஒரே கணினியைப் பயன்படுத்துபவர்கள் தங்களுக்குள் செய்தி விட்டுவைக்க முடிந்தது, அவ்வளவுதான். அவர் அதை, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்பிப் பார்த்தார். இரண்டு கணினிகளும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன என்பது வேடிக்கை. ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க, யாருடைய பெயரிலும் வராத ஒரு குறி தேவைப்பட்டது. விசைப்பலகையில் @ சும்மா கிடந்தது.

கடிதம் பிரிப்பவர் பெயரையா பார்க்கிறார்? 1972-க்குப் பிறகு, அதாவது பின்கோடு வந்த பிறகு, முதல் பார்வை அந்த ஆறு இலக்கத்தின் மேல்தான். 6 என்று தொடங்கினால் தமிழ்நாட்டுப் பக்கம் அல்லது கேரளம். தெருவும் கதவு எண்ணும் பட்டுவாடா செய்கிறவர் கவலை. மின்னஞ்சலிலும் அப்படித்தான். அனுப்பும் செர்வர், அதாவது தபால் ஆபீஸ் வேலை பார்க்கும் கணினி, @-க்கு வலப்பக்கத்தை மட்டும் பார்க்கும். இடப்பக்கத்தை என்ன செய்வது என்பது போய்ச் சேரும் செர்வரின் சொந்த விஷயம். ஜிமெயில் தன் முகவரிகளில் இடப்பக்கத்துப் புள்ளிகளைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. வேறு இடங்களில் ஒரு புள்ளி மாறினால் ஆளே மாறிவிடும்.

வலப்பக்கத்தை வைத்துக்கொண்டு அந்தச் செர்வர், இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறது: "இந்தப் பெயருக்கு வரும் தபாலை யாரிடம் கொடுக்க வேண்டும்?" பதிலாக வருவது எம்எக்ஸ் பதிவு. அதில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட செர்வர்கள் எண்ணோடு வரிசையாக இருக்கும். சின்ன எண் உள்ள கதவை முதலில் தட்ட வேண்டும், திறக்காவிட்டால் அடுத்தது.

கதவு திறந்ததும் நடக்கும் பேச்சுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஜான் போஸ்டல் 1982-இல் எழுதி வைத்த எஸ்எம்டிபி என்ற விதிப்படி, இரண்டு செர்வர்களும் ஏறக்குறைய மனிதர்களைப் போலவே பேசிக்கொள்கின்றன. நான் இன்ன இடத்திலிருந்து வருகிறேன் என்று ஒன்று சொல்லும். 250, சரி என்று மற்றது சொல்லும். அனுப்பியவர் இவர். 250. பெறுபவர் இவர். 250. கடிதத்தைத் தரட்டுமா? 354, கொடு. கடிதம் முழுவதும் போனதும், ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி மட்டும் வந்தால் முடிந்தது என்று அர்த்தம். பதில் எண்ணின் முதல் இலக்கத்தில்தான் சேதி இருக்கிறது. 2 என்றால் சரி. 3 என்றால் மேலே சொல். 5 என்றால் முடியவே முடியாது. "அப்படி ஓர் ஆள் இங்கே இல்லை" என்று கடிதம் திரும்பி வருவது பெரும்பாலும் 550-ஆல். 4 என்றால் இப்போது முடியாது.

மாமா இங்கே குறுக்கிட்டார். "அனுப்புநர், பெறுநர் ரெண்டையும் கடிதத்துக்குள்ளயும் எழுதியிருக்கோமே. அங்கே எதுக்கு மறுபடியும் சொல்லணும்?"

ஏனென்றால் அது கவர். மின்னஞ்சலுக்குக் கவர் உண்டு. நாம் அதைப் பார்ப்பதில்லை. செர்வர்கள் பேச்சில் சொல்லிக்கொள்ளும் முகவரி கவரின் மேல் எழுதியது. திரையில் நாம் பார்க்கும் அனுப்புநர் பெயர், உள்ளே இருக்கும் தாளில் எழுதியது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எஸ்எம்டிபி கேட்பதே இல்லை. பிசிசி என்ற ரகசியப் பிரதி வேலை செய்வது இந்த இடைவெளியில்தான்: அவர் பெயர் கவரில் இருக்கும், தாளில் இருக்காது. வங்கியின் பெயரில் வரும் மோசடி மெயில் வேலை செய்வதும் இதே இடைவெளியில்தான். தாளின் மேல் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், பேனா நம் கையில்தானே இருக்கிறது.

எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒரு சின்ன ஆராய்ச்சி உலகத்தில் பிறந்த விதி அது. அதன் ஓட்டைகளைப் பிற்பாடுதான் அடைத்தார்கள். ஒன்று, "எங்கள் பெயரில் தபால் இந்தச் செர்வர்களிலிருந்து மட்டுமே கிளம்பும்" என்று டிஎன்எஸ்ஸிலேயே அறிவித்துவிடுவது. எஸ்பிஎஃப் என்பது அதுதான். இன்னொன்று டிகேஐஎம். கடிதத்தின் உள்ளடக்கத்தின் மேல் ஒரு கணிதக் கையொப்பம் போடுகிறார்கள். வழியில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. "அரக்கு சீல்" என்றார் மாமா. இன்ஷ்யூர் பார்சலில் அரக்கு உடைந்திருந்தால் கை வைக்கவே மாட்டார்களாம். மூன்றாவது டிமார்க். கவரும் தாளும் சீலும் பொருந்தாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று, பெயருக்குச் சொந்தக்காரர் முன்கூட்டியே சொல்லி வைப்பது. 2024 பிப்ரவரியிலிருந்து, ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களுக்கு இந்த மூன்றும் கட்டாயம்.

அடுத்து, தாளில் இருக்கும் எழுத்து. போஸ்டலின் விதி ஏழு பிட்டில் அடங்கும் ஆங்கில எழுத்துகளை மட்டுமே சுமக்கும். தமிழ், படம், பாட்டு எதற்கும் அதில் இடமில்லை. அந்தச் சாலையை இடித்துவிட்டுப் புதிதாகப் போடாமல், 1992-இல் நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் மைம் என்று ஒரு தந்திரம் செய்தார்கள்: எதையும் ஆங்கில எழுத்துகளாக மாறுவேடம் போட்டு அனுப்பு, அந்தப் பக்கம் போய் வேடத்தைக் கலைத்துக்கொள். பேஸ்64 என்ற வேடத்தில் மூன்று பைட் (கணினி தகவலை அளக்கும் சின்ன அலகு), நான்கு எழுத்தாகிறது. அதனால்தான் 20 எம்பி வீடியோவை இணைத்தால் வழியில் அது 27 எம்பி ஆகிறது. 25 எம்பிதான் வரம்பு என்று சொல்லும் செர்வர், நம் கண்ணுக்கு 20 ஆகத் தெரியும் கோப்பைத் திருப்பி அனுப்பினால் அதன் மேல் தப்பில்லை.

தமிழுக்கு இதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் 'அ'வுக்கு மூன்று பைட், 'ம'வுக்கு மூன்று, புள்ளிக்கு மூன்று, கால் வாங்குவதற்கும் மூன்று. ஆக "அம்மா" 15 பைட். வேடம் போட்டால் மிகச்சரியாக 20 எழுத்து. அதிலும் 'அ' என்பது நான்கு, கே, ஆறு, எஃப் என்று மாறும். பெரும்பாலான தமிழ் எழுத்துகள் அதே "நான்கு, கே, ஆறு" என்றே தொடங்கும், கடைசி ஒன்று மட்டும் மாறும். மாமாவின் கடிதத்தைப் பிரித்து மூல வடிவத்தைப் பார்த்தபோது, அந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வந்தன. நடுவே ஓர் இடைவெளி வந்தவுடன் வரிசை பிறழ்ந்து வேறு ஏதோ ஆனது. இடைவெளி ஒரே பைட், மூன்றின் கணக்கில் அடங்காது. யூனிகோடு பரவுவதற்கு முன்பு டிஸ்கி முதலான குறியீடுகளில் தமிழ் மெயில் அனுப்பியவர்களுக்கு வேறு அவதி. படிப்பவரிடம் அதே எழுத்துரு இல்லாவிட்டால், வேடம் கலைந்த பிறகும் கிறுக்கலாகத்தான் தெரியும்.

முகவரி மட்டும் ஏன் இன்னும் ஆங்கிலத்தில் என்றும் கேட்டார். தமிழில் வைத்துக்கொள்ள 2012-லேயே விதி வந்துவிட்டது. 2014-இலிருந்து ஜிமெயில் அப்படிப்பட்ட முகவரிகளோடு கடிதம் பரிமாறிக்கொள்கிறது. வழியில் இருக்கும் செர்வர் ஒவ்வொன்றும், முகவரி கேட்கும் படிவம் ஒவ்வொன்றும் அதை ஏற்க வேண்டும் என்பதுதான் சிக்கல். மாமாவின் படிவம் நிச்சயம் ஏற்றிருக்காது.

இனி மென்பொருள். ஜிமெயில்தான் மின்னஞ்சல் என்று நினைக்கிறவர்கள் ஏராளம். அது ஒரு தபால் ஆபீஸ், கூடவே அதைப் பார்க்க ஒரு ஜன்னல். ஆபீஸை மாற்றாமலேயே ஜன்னலை மாற்றலாம். வாட்ஸாப்பில் இருப்பவரோடு பேச வாட்ஸாப் வேண்டும். மெயிலில் அந்தக் கட்டாயம் இல்லை. சென்னைக்கார ஜோஹோவில் முகவரி வைத்திருப்பவர் ஜிமெயில்காரருக்கு எழுதலாம், அதை அவர் தண்டர்பேர்ட் என்ற மென்பொருளில் படிக்கலாம். யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஜன்னலைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி, கடிதம் எங்கே தங்கும் என்பதுதான். பாப் என்ற பழைய முறையில், செர்வரிலிருந்து கடிதங்களை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறோம். 1995 ஆகஸ்டு 15-இல் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்த காலத்தில் அதுதான் புத்திசாலித்தனம். தொலைபேசி மீட்டர் ஓடும். இணை, இறக்கு, துண்டி, அப்புறம் நிதானமாகப் படி. செர்வரிலும் இடம் குறைவு. 1996-இல் தொடங்கிய ஹாட்மெயில் கொடுத்தது வெறும் 2 எம்பி. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி என்று அறிவித்தபோது முட்டாள்கள் தின விளையாட்டு என்று பலர் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

ஐமேப் வேறு மாதிரி. கடிதம் ஆபீஸிலேயே இருக்கும். ஃபோன், கணினி, பேரனின் டேப்லட் எல்லாம் அதே அலமாரியைத்தான் பார்க்கும். ஒன்றில் படித்தால் மற்றதிலும் படித்ததாகக் காட்டும். ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் இதை 1986-லேயே உருவாக்கிவிட்டார், ஆனால் ஒரே ஆள் நாலு கருவி வைத்துக்கொள்ளும் காலம் வரும்வரை அதன் அருமை பலருக்குத் தெரியவில்லை. எனக்கும்தான். பாப்பில் இறக்கி, "செர்வரில் ஒரு பிரதி விட்டுவை" என்ற கட்டத்தில் டிக் போடாமல், ஆறு வருடக் கடிதங்களை ஒரே ஹார்டு டிஸ்க்கில் வைத்திருந்தேன். ஒரு நாள் அது டக் டக் என்று சத்தம் போட்டது, அவ்வளவுதான்.

மாமாவுக்குத் தனி மென்பொருள் தேவையில்லை. பிரவுசரும் ஃபோன் செயலியும் போதும் என்பது என் எண்ணம். இரண்டு மூன்று முகவரி சேர்ந்தாலோ, எல்லாக் கடிதங்களுக்கும் வீட்டில் ஒரு நகல் வேண்டும் என்று தோன்றினாலோ தண்டர்பேர்ட் போடலாம். இலவசம், ஐமேப் தெரியும், 2024 அக்டோபரிலிருந்து ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது. எதைப் போட்டாலும் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சில செயலிகள் நம் கணக்கின் சாவியைத் தங்கள் செர்வரில் வைத்துக்கொண்டு, தாங்களே போய்க் கடிதத்தை எடுத்துவந்து காட்டும். வசதிதான். ஆனால் நடுவில் இன்னொருவர் பையைத் திறக்கிறார் என்று அர்த்தம். "சீல் போச்சுல்ல" என்று மாமா அதை ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்.

அப்புறம் முத்திரைக்கு வந்தோம். என் மடிக்கணினியில் அவர் கடிதத்தின் மூல வடிவத்தைத் திறந்தேன். ஒவ்வொரு செர்வரும் கடிதத்தை வாங்கியவுடன் "பெற்றேன்" என்று தன் பெயரும் நேரமும் சேர்த்து மேலே ஒரு வரி எழுதும். அதனால் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்.

கீழே இருந்த முத்திரையைப் பார்த்து மாமா திடுக்கிட்டார். முந்தைய நாள் ராத்திரி 9.42 என்று இருந்தது. "நேத்தேவா அனுப்பினேன்?" வரியின் கடைசியில் கழித்தல் 0700 என்று இருந்ததைக் காட்டினேன். அது கலிஃபோர்னியா நேரம். பன்னிரண்டரை மணி நேரம் கூட்டினால் காலை 10.12. அடுத்த முத்திரை எங்கள் அலுவலகச் செர்வருடையது. காலை 10.23, கூட்டல் 0530. நடுவே பதினோரு நிமிடம்.

எங்கள் செர்வர், முன்பின் தெரியாத முகவரியிலிருந்து வரும் முதல் கடிதத்தை வேண்டுமென்றே 4-இல் தொடங்கும் எண்ணைச் சொல்லித் திருப்பிவிடும். இப்போது முடியாது, கொஞ்ச நேரம் கழித்து வா. ஒழுங்கான செர்வர் வரிசையில் வைத்திருந்து மறுபடி வரும். லட்சக்கணக்கில் குப்பையை வீசுகிறவர்களின் நிரல் பெரும்பாலும் திரும்பி வராது, அதற்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கிரேலிஸ்டிங் என்ற இந்த முறை 2003-இல் வந்தது.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவுட்டர்ல நிறுத்திட்டான்னு சொல்லு" என்றார். "வண்டி வந்தாச்சு, பிளாட்ஃபாரமும் காலிதான். ஆனா சிக்னல் குடுக்க மாட்டான்."