கத்தாழை மீனின் தலைக்கல்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் கத்தாழை வாங்கினால் தலையைக் கழித்துவிடாதீர்கள். குழம்பில் போட்டுச் சாப்பிடும்போது பல்லில் நறுக்கென்று மாட்டும் இரண்டு வெள்ளைக் கற்களைப் பலரும் துப்பியிருப்பீர்கள். அவை முள் அல்ல, எலும்பும் அல்ல. மீனின் காதுக்குள் இருக்கும் செவிக்கற்கள்.

மீனுக்கு வெளிக்காது கிடையாது. அதன் சதையின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான். ஆகவே ஒலி வந்தால் தண்ணீரோடு சேர்ந்து மீனும் அசையும். கல்லோ தண்ணீரைப் போல மூன்று மடங்கு அடர்த்தி உடையது, உடம்போடு சேர்ந்து அசையாமல் சற்றுப் பின்தங்கும். டவுன் பஸ் சட்டென்று கிளம்பும்போது நின்றிருப்பவர் பின்னால் சாய்வதுபோலத்தான். அந்த இழுப்பில் கல்லுக்கு அடியில் இருக்கும் நுண்மயிர்கள் வளைகின்றன. நரம்பு அதை மூளைக்குச் சொல்கிறது, மீன் கேட்கிறது. எலும்பு மீன்கள் எல்லாவற்றிலும் இந்தக் கற்கள் மூன்று ஜோடி உண்டு. கத்தாழைக் குடும்பத்தில் அவற்றில் ஒரு ஜோடி மிகவும் பெரிது. நெட்டி என்னும் காற்றுப்பையை ஒட்டிய தசையைத் துடிக்கவைத்து முரசுபோல ஒலி எழுப்பும் மீன்களும் இந்தக் குடும்பத்தவைதான்.

எனக்கு இதைவிட வியப்பானது கல் வளரும் விதம். சுண்ணாம்புச் சத்து அடுக்கடுக்காகப் படிந்து வாழ்நாள் முழுக்க வளர்கிறது. பட்டினி கிடக்கும் மீன் தன் செதிலிலிருந்துகூடச் சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும், செவிக்கல்லைத் தொடுவதில்லை. அதனால் பதிந்தது அழியாது. குளிர்நாட்டு மீன்களில் ஆண்டுக்கு ஒரு வளையம் தெரியும். 1899-லேயே ஜெர்மானியரான ரைபிஷ் இப்படி மீனின் வயதைக் கணக்கிட்டார். நம் வெப்பக் கடலிலோ பருவ வேறுபாடு குறைவு, ஆண்டு வளையம் பல மீன்களில் மங்கலாகத்தான் விழும். 1971-இல் பன்னெல்லா என்ற ஆய்வாளர் இன்னும் நுணுக்கமான ஒன்றைக் கண்டார்: நாளுக்கு ஒரு வளையம்! கல்லை மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், குறிப்பாக இளம் மீன்களில், அதை எண்ணிவிடலாம்.

வெள்ளாற்று முகத்துவாரத்தில் திரியும் மடவை போன்ற மீன்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கடல்நீரில் ஸ்ட்ரான்ஷியம் என்னும் தனிமம் அதிகம், ஆற்றுநீரில் பெரும்பாலும் குறைவு. அது கல்லிலும் படியும். வளையத்துக்கு வளையம் அதை அளந்தால், எந்த வயதில் மீன் உப்புநீரை விட்டு ஆற்றுக்குள் ஏறியது என்று தெரிந்துவிடும்.

சரி, நாள் கணக்கு எதற்கு? பிடிபட்ட தேதியிலிருந்து வளையங்களைப் பின்னோக்கி எண்ணினால் குஞ்சு பொரித்த காலம் கிடைக்கும். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறது. எந்த மீனின் இனப்பெருக்கம் அதற்குள் வருகிறது, எது வெளியே நிற்கிறது என்பதை இப்படிப் பார்க்கலாம். ஆகவே கல்லை எடுத்துக் கழுவி உலர்த்தும்போது பிடிபட்ட தேதியையும் பொட்டலத்தில் எழுதுங்கள். தேதி இல்லாத கல் வயதைச் சொல்லும், பிறந்த மாதத்தைச் சொல்லாது.