“ரூமுக்குள்ள வேலை செய்தது, சேர்”

போன கிழமை திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் ஒரு பெடியன் போனைத் தூக்கிப் பிடித்தபடி பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தான். திரையில் அவனே செய்த முப்பரிமாணக் கோபுரம். அது முழுதாகத் தெரியவேண்டும் என்று ஒவ்வோர் அடியாகப் பின்னால் வைக்கிறான். மேலிருந்து இறங்கிவந்த ஓட்டோக்காரர் பிறேக் அடித்தார், நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். போன் விழுந்து கண்ணாடி போனது. பிள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்போடு சரி. இந்த வருடம் நான் பார்த்ததில் இது மூன்றாவது. முதல் இரண்டும் படிக்கட்டில்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். இறுதி வருடச் செயற்றிட்டங்களைப் பார்க்க அவ்வப்போது வெளியாளாகக் கூப்பிடுவார்கள். ஏ.ஆர்., அதாவது போன் கமராவில் தெரியும் நிஜக் காட்சியோடு கணினி உருவத்தைச் சேர்த்துக் காட்டுவது, என்றால் திருகோணமலைப் பிள்ளைகளுக்குக் கோயிலும் கோட்டையும்தான் தலைப்பு. நல்ல தலைப்புத்தான். ஆனால் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் செயலி படுத்தவுடன் எல்லாக் குழுவும் சொல்லும் ஒரு வசனம் இருக்கிறது: “ரூமுக்குள்ள வேலை செய்தது, சேர்.”

இதைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். கமராவில் தெரிவதற்கு மேலே ஒரு மொடலை ஒட்டிவிட்டால் அது ஏ.ஆர். இல்லை தம்பி, ஸ்டிக்கர். நீங்கள் நகர்ந்தாலும் அது வைத்த இடத்திலேயே நிற்கவேண்டும். அதற்காகத்தான் கூகுளின் ஏ.ஆர்.கோர், அப்பிளின் ஏ.ஆர்.கிட் போன்ற ஏ.ஆர். கருவித்தொகுப்புகள் எல்லாம் கமராவில் அகப்படும் புள்ளிகளையும் போனின் அசைவு உணரிகளையும் சேர்த்து ஓயாமல் கணக்குப் போடுகின்றன. புள்ளி என்றால் மேசை மூலை, புத்தக அட்டை, சுவரில் ஒட்டிய போஸ்டர், பாயில் இருக்கும் கோடு. விடுதி அறையில் இதெல்லாம் தாராளம். டியூப் லைட்டும் எந்நேரமும் ஒரே மாதிரி எரியும். அப்புறம் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் நின்று கடலுக்கு நேரே போனைப் பிடிக்கிறீர்கள். அலை ஓரிடத்தில் நிற்காது, வானத்தில் ஒன்றுமே இல்லை. மொடல் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? ரூமுக்குள் வேலை செய்தது என்றால் ரூமுக்கு ஒரு செயலி செய்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். மலைக்கு இன்னும் தொடங்கவேயில்லை.

ஒரு குழு கோட்டை வாசல் கல்லில் இருக்கும் இரட்டைக் கயல் மீன் சின்னத்தைக் காலை வெயிலில் படமெடுத்து, அதைக் காட்டினால் கதை தொடங்கும்படி செய்திருந்தது. அருமையான யோசனை. பின்னேரம் போய்க் காட்டினால் அசைவே இல்லை. செதுக்கிய கல்லில் நிழல் மாறினால் போனுக்கு அது வேறு படம். அச்சடித்த தட்டையான படத்தைத்தான் அது நன்றாகப் பிடிக்கும். “கல்லில வெளிச்சம் சரியில்லை” என்றார்கள். நூற்றுக்கணக்கான வருடமாக அந்த வாசல் அங்கேதான் இருக்கிறது, பிள்ளைகளே.

இன்னொரு குழு, சரி, ஜி.பி.எஸ். வைத்தே நிறுத்துவோம் என்று போனது. திறந்த வானத்தின் கீழேயே போனின் ஜி.பி.எஸ். 5 மீற்றர் அளவுக்குப் பிசகும். மலை விளிம்பில் செங்குத்தாகப் பிளந்து கிடக்கும் இராவணன் வெட்டுப் பக்கம் 5 மீற்றர் எங்கே கொண்டுபோய் விடும் என்று ஒருதரம் எட்டிப் பாருங்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று.

கோபுரம் என்றதும் இன்னொன்று. பழைய கோணேசர் கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்துவிட்டார்கள். கல்லைக் கோட்டை கட்ட எடுத்தார்கள். அச்சொட்டாக எப்படி இருந்தது என்று காட்டப் படம் கிடையாது. இணையத்தில் இறக்கிய வண்ணக் கோபுரத்தை நிறுத்திவிட்டுப் ‘பழைய கோயில்’ என்று எழுதாதீர்கள். ‘கற்பனைத் தோற்றம்’ என்று போட்டால் புள்ளி குறையாது.

இனி, தயவுசெய்து கேளுங்கள். முதல் கிழமையே அந்த இடத்துக்குப் போங்கள், உச்சி வெயிலில். ஐபோனுக்கே 35 பாகை வரைதான் என்று கம்பனி சொல்கிறது. சூடான கச்சான் காற்று வீசும் நாளில் கமராவும் மொடலும் சேர்ந்து ஓடினால் போன் கொதித்துத் திரையைத் தானே மங்கவைக்கும். கோயில் வளவில் செருப்பும் இல்லை. சுடுநிலத்தில் வெறுங்காலோடு துள்ளுகிறவரின் கையில் போன் ஆடாமல் இருக்குமா? அதையும் சோதியுங்கள். ஒருவர் திரையைப் பார்த்தால் இன்னொருவர் அவருடைய காலைப் பார்க்கட்டும். பின்னால் நடந்தால்தான் தெரியும் என்கிற அளவில் மொடல் வைக்கவே வேண்டாம், சின்னதாக்குங்கள். ஆள் நடக்கத் தொடங்கினால் மொடலை மறைத்து ‘நில்லுங்கள்’ என்று காட்டுங்கள். உணரி ஏற்கெனவே போனில் இருக்கிறது, அரைநாள் வேலை. கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. கமராவைத் திருப்பமுன் கேளுங்கள். கோயிலுக்குள்ளும் அப்படித்தான். ஏ.ஆர்.கோர் எல்லா அன்ட்ரொயிட் போனிலும் ஓடாது என்பதை வைவா அன்று கண்டுபிடிக்காதீர்கள்.

அந்தப் பெடியன் நேற்று எனக்குக் கோல் எடுத்தான். கண்ணாடி மாற்றக் கொடுத்திருக்கிறானாம். நண்பனின் போனில் திரும்பவும் மலைக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றான். மொடல் ஆடினாலும் பரவாயில்லை, வெயிலில் எடுத்த காணொளியையே வைவாவுக்குக் கொண்டுவா என்றேன். நண்பனையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன்.