உரத்தை விடுங்க, கத்தரிக்கோலைப் பாருங்க

இந்த மாதத்தில் மட்டும் இது மூன்றாவது அழைப்பு. "சார், பார்டர் செடிக்கு அடியில இலையே இல்ல. என்ன உரம் போடலாம்?"

போன வாரம் போனது ஏற்காடு அடிவாரப் பக்கம் உள்ள ஒரு குடியிருப்பு. நடைபாதை நெடுக வேலியாக வெட்டி வளர்த்த கோல்டன் துராந்தா செடி. மேலே மெத்தை விரித்தது போலத் தளதளவென்று மஞ்சள். குனிந்து பார்த்தால் முழங்கால் உயரம் வரை வெறும் குச்சி, நடுவில் ஒரு பிஸ்கட் கவர், வேரோரம் கரையாமல் கிடக்கும் டிஏபி உர உருண்டைகள். அதற்கு முன் யூரியாவும் ஒரு மூட்டை போயிருக்கிறது. தோட்டக்கார அண்ணன் ஓரமாக நின்று, "நான் அப்பவே சொன்னேங்க, யாரு கேக்கறாங்க" என்றார்.

அடி மொட்டையானது பசியால் இல்லை, வெயில் படாததால். நின்றபடி வெட்டுகிறோம், மேல்பக்கம் நுனி நுனியாகக் கிளைத்து அகலமாகிறது. கீழே வெட்டக் குனியணும், இடுப்பு வலிக்கும். போதாக்குறைக்கு, பெருக்க வசதியாக இருக்கட்டும் என்று அடிக்கிளைகளைக் கழித்துவிடச் சொல்வார்கள். கொஞ்ச நாளில் வேலி, நிமிர்த்தி வைத்த வாளி மாதிரி ஆகிவிடும்: வாய் அகலம், அடி குறுகல். மேல் இலை போடும் நிழலில் கீழ் இலை உதிரும். இதில் யூரியா போட்டால் என்ன ஆகும்? மேலே இன்னும் தழைக்கும். கீழே இன்னும் இருட்டும். காசு கொடுத்து நிழல் வாங்குகிறோம், அவ்வளவுதான்.

வாளியைக் கவிழ்த்து வைத்தால் எப்படி இருக்கும்? வேலி அப்படித்தான் இருக்கணும். அடி இரண்டரை அடி அகலம் என்றால் மேலே இரண்டடி போதும். நேர்க்கோட்டுக்குக் கயிறு கட்டுகிறீர்கள் அல்லவா, சரிவுக்கும் ஒரு குச்சியைச் சாய்த்து நட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே மொட்டையானதைத் தேற்றலாம். துராந்தா, அகலிஃபா எல்லாம் முற்றிய கட்டையிலிருந்தும் துளிர்க்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் மொட்டையடிக்க வேண்டாம்: ஒரு பக்கத்தை உள்வாங்கி வெட்டி, அது நன்றாகத் தழைத்த பிறகு மறுபக்கம். ஊசியிலை வகையான துஜாவிடம் இந்த வேலை ஆகாது, இலையில்லாத கட்டை வரை வெட்டினால் அப்படியே நின்றுவிடும். சித்திரை வெயிலில் கத்தரியைத் தொடவே தொடாதீர்கள். மழை பிடித்த பிறகு வெட்டுங்கள்.

உரம் கேட்டே தீருவேன் என்பவர்களுக்கு: இட்லிப்பூ இலை நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் வெளுத்திருந்தால் பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறை. நம்மூர் உப்பு போர் தண்ணீர், கட்டிடம் கட்டியபோது புதைத்த சிமெண்ட் கழிவு, சில பக்கம் வெள்ளைக்கல் மண்: இவை மண்ணைக் காரமாக்கி, இருக்கிற இரும்பையும் வேர் எடுக்கவிடாது. இதற்கும் யூரியாதான் கொட்டுகிறார்கள்!

வெட்டும் முன் கிளைகளை விலக்கிப் பாருங்கள். தையல்சிட்டு இலையைச் சுருட்டித் தைத்துக் கூடு வைத்திருக்கும். குஞ்சு பறக்கும்வரை அந்த இரண்டடியை விட்டுவைத்தால் குடியிருப்பின் அழகு ஒன்றும் கெட்டுவிடாது. அடியில் குவிந்த சருகில் கையை விடாதீர்கள், கோலால் தட்டுங்கள். கவனிக்காமல் விட்ட மூலைகளில் துராந்தா ஆரஞ்சு நிறத்தில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பார்க்க மணி மாதிரி அழகாக இருக்கும், தின்றால் விஷம். விளையாட்டுத் திடல் பக்கம் காய் பிடிக்கும் முன் வெட்டிவிடுங்கள்.

இன்னொன்று, இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். அரளி வெட்டிய குப்பையைக் காம்பவுண்டு மூலையில் கொளுத்தாதீர்கள். அந்தப் புகையும் விஷம். போன வாரம் போன இடத்தில் புகை போன திசையில்தான் குழந்தைகளின் ஊஞ்சல் இருந்தது.