பி.டி. பருத்தி நூற்புழுவைத் தடுக்காது

அரூர், மொரப்பூர், ஊத்தங்கரை வட்டாரங்களில் பயிர்ப் பாதுகாப்புப் பணிக்காக நான் செல்லும் வயல்களில், பருத்தி திட்டுத் திட்டாகக் குட்டையாகி, மண்ணில் ஈரம் இருந்தும் உச்சி வெயிலில் தழை தொங்கி நிற்பதை உரக் குறைபாடு என்றே பலரும் கருதுகிறார்கள். யூரியாவைக் கூட்டிப் போட்ட பிறகும் அந்தத் திட்டு அடுத்த பருவத்தில் விரிந்தால், நூற்புழு தாக்கியிருக்கிறதா என்று வேரைப் பார்த்தே ஆக வேண்டும். செடியைப் பிடுங்கினால் முடிச்சுள்ள பக்கவேர்கள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும்; ஆகவே மண்வெட்டியால் சுற்றிலும் தோண்டி எடுங்கள்.

“பி.டி. விதைதானே சார் போட்டேன், புழு எப்படி வரும்?” என்று கேட்பவர்கள் உண்டு. 2002-இல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட, மரபணு மாற்றிய பி.டி. பருத்தி காய்ப்புழுக்களுக்கு எதிராக உருவாக்கப்பட்டது. வேரைத் தாக்கும் நூற்புழு வேறு உயிரினம். அதற்கான எதிர்ப்புத் திறனைத் தனியாகத் தேடிச் சேர்க்க வேண்டும்.

வேர்முடிச்சு நூற்புழுவின் இளம்புழு வேர் நுனியில் நுழைந்து, உள்ளிருக்கும் செல்களைப் பருக்கவைத்து, அவற்றிலிருந்தே உணவை உறிஞ்சுகிறது. வெப்பமான மண்ணில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்து, ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பருத்தியைத் தாக்கும் இன்னொரு வகையான மொச்சை வடிவ நூற்புழு முடிச்சை உண்டாக்காது. கழுவிய பின்னும் வேரில் மண் துகள்கள் ஒட்டியிருந்தால் அதன் முட்டைத் திரளைச் சந்தேகிக்க வேண்டும். நூற்புழு உள்ள நிலத்தில் வாடல் நோயும் கடுமையாகும் என்பதை அமெரிக்காவின் அலபாமாவில் தாவரவியலாளர் அட்கின்சன் 1892-இலேயே பதிவு செய்தார்.

ஒரு ரகம் பாதிப்பைத் தாங்கி விளைச்சல் தருவதும், புழுவைப் பெருகவிடாமல் எதிர்ப்பதும் ஒன்றல்ல. தாங்கும் ரகம் இந்த ஆண்டு கைகொடுத்தாலும், அடுத்த பயிருக்கான புழுவை மண்ணில் வளர்த்துவிட்டே போகும். அதனால்தான் புதிய ரகங்களை உருவாக்கும் ஆய்வாளர்கள் முடிச்சைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் வேரில் உள்ள முட்டைகளையும் எண்ணுகிறார்கள். ஓரளவு எதிர்ப்புத் திறனே கொண்ட இரண்டு பெற்றோரை இனக்கலப்பு செய்து, இரண்டையும் மிஞ்சிய ‘ஆபர்ன் 623’ என்ற பருத்தி வரிசையை (ரகங்களுக்குப் பெற்றோராகப் பயன்படும் வகை) அமெரிக்காவில் ஆய்வாளர் ஷெப்பர்ட் உருவாக்கினார். அதன் திறன் முக்கியமாக 11, 14-ஆம் குரோமோசோம்களில் இருப்பதும், முன்னது முடிச்சையும் பின்னது முட்டையிடுதலையும் குறைப்பதும் பின்னர் தெரிந்தன. ஆகவே ஒன்றை மட்டும் சேர்த்த ரகம் பாதி வேலையே செய்யும்.

மொச்சை வடிவ நூற்புழுவுக்கு அந்த வரிசை உதவாது. ஆப்பிரிக்காவின் காட்டுப் பருத்தியான லாங்கிகேலிக்ஸிலிருந்து எதிர்ப்பைப் பெற்று 2007-இல் வெளியான ‘லான்ரென்’ வரிசைகள், புழு மிகுந்த வயலில் புழுவை அடக்கினாலும் தாமே குட்டையாகிவிட்டன. நம் நாட்டுப் பருத்தி இனமான ஆர்போரியத்தின் சில வகைகளிலும் இந்த எதிர்ப்பு உண்டு. அதில் 26 குரோமோசோம்களும், நாம் பரவலாகப் பயிரிடும் அமெரிக்கப் பருத்தியில் 52-உம் இருப்பதால் இனக்கலப்பு செய்வது கடினம். கடினமானாலும், நம் மண்ணிலேயே இருக்கும் இந்தச் செல்வத்தில் இன்னும் கூடுதலாக உழைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தியாவில் பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகங்களே பயிராவதால், பெற்றோர் வரிசைகளிலேயே எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

விதை வாங்கும்போது “நூற்புழு தாங்கும்” என்று யாராவது சொன்னால், எந்த நூற்புழுவை என்று கேளுங்கள். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளியில் பெருகும் வேர்முடிச்சு நூற்புழு எல்லாமே பருத்தியில் பெருகுவதில்லை. அவற்றில் இன்காக்னிட்டா என்ற இனத்தின் 3, 4-ஆம் பிரிவுகளே பருத்திக்குப் பகை. இவற்றுக்கும் மொச்சை வடிவ நூற்புழுவுக்கும் நிலக்கடலை ஏற்ற உணவில்லை என்பதால், பயிர்ச் சுழற்சிக்கு அது நல்லது. காராமணியும் ஆமணக்கும் மொச்சை வடிவப் புழுவைப் பெருக்கும்.

எந்தப் புழு என்று அறிய, திட்டின் ஓரத்தில் ஓரளவு வளர்ந்து நிற்கும் செடிகளின் வேர்ப்பகுதி மண்ணைச் சிறிது வேருடன் பாலித்தீன் பையில் கட்டுங்கள். உரச்சத்துப் பரிசோதனைக்கு எடுக்கும் மண்ணைப்போல் இதை உலர்த்தினால் புழு செத்துவிடும். நிழலில் ஈரம் காயாமல் வைத்து விரைவாகச் சேர்க்க வேண்டும். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ விசாரித்து, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் நூற்புழுவியல் துறைக்கு அனுப்பலாம். முந்தைய பருவங்களில் அந்த நிலத்தில் என்னென்ன பயிர் இருந்தது என்பதையும் சீட்டில் எழுதி உடன் வையுங்கள்.