ஆபரேஷனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பல்லைக் காட்ட வராதீர்கள்

இதய ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. திங்கட்கிழமை காலை அட்மிஷன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கையில் ஒரு துண்டுச் சீட்டோடு என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். சீட்டில் 'டென்டல் க்ளியரன்ஸ்' என்று மட்டும் எழுதியிருக்கும், அதாவது வாயில் தொற்று எதுவும் இல்லை என்று பல் டாக்டரான நான் பார்த்துச் சொல்ல வேண்டும். கூட வந்த மகனோ மகளோ, "ஒண்ணுமில்லை டாக்டர், ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா போதும், அப்பாவுக்குப் பல்லுல எந்தப் பிரச்சினையும் கிடையாது" என்பார்கள். போன வாரமும் இப்படி ஒருவர் வந்தார். இதற்கு மேலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவருக்கு மாற்ற வேண்டியது அயோர்ட்டிக் வால்வு, இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலில் இருக்கும் கதவு. அறுபதைத் தாண்டியவர். வாயைத் திறந்தால் பற்கள் பளிச்சென்று, வரிசையாகத்தான் இருந்தன. கீழ்த்தாடையில் இடது பக்கக் கடைவாய்ப்பல்லில் எப்போதோ அடைத்த ஒரு பெரிய ஃபில்லிங். அந்தப் பல்லைக் கண்ணாடிக் கருவியின் பிடியால் தட்டிப் பார்த்து, "வலிக்குதாங்களா?" என்றேன். "இல்லைங்க டாக்டர்." ஈறை விரலால் அழுத்தினேன். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டுச் சீழ் எட்டிப் பார்த்தது. அவருக்கு அதுவும் தெரியவில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு வேர்களின் நுனியிலும் கறுப்பு நிழல், அதாவது எலும்பு கரைந்துபோன இடம். மகன் படத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா வலியே இல்லையே டாக்டர்" என்றார், ஏதோ நான் தப்பான ஆளின் படத்தைக் காட்டுவதைப் போல.

இந்த 'வலியே இல்லையே' என்பதைப் பற்றித்தான் நான் முதலில் பேச வேண்டும், ஏனென்றால் எல்லாத் தொல்லையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சொத்தை ஆழமாகப் போய்ப் பல்லுக்குள் இருக்கும் நரம்பைத் தொடும்போது உயிர் போகிற வலி வரும், ராத்திரி தூங்கவிடாது. அந்த நேரத்தில் பல் டாக்டரிடம் போகாமல் வலி மாத்திரையை விழுங்கி ஓட்டினால், சில நாளிலோ சில வாரத்திலோ நரம்பு செத்துவிடும். நரம்பு செத்தால் வலி நின்றுவிடும். நின்றவுடன் 'சரியாகிவிட்டது' என்று நம்புகிறோம். சரியாகவில்லை. உயிரில்லாத அந்தக் குழாய்க்குள் கிருமிகள் சௌகரியமாகக் குடியேறி, வேர் நுனி வழியாக வெளியே வந்து, தாடை எலும்பை மெல்ல மெல்லக் கரைக்கின்றன. சேருகிற சீழ் ஈறு வழியாக வெளியேற ஒரு வழியைத் தேடிக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடாது, அழுத்தம் கூடாவிட்டால் வலியும் இருக்காது. ஈறில் சின்னப் பரு மாதிரி வந்து வந்து உடைந்து போகிறதே, அது பரு இல்லை, சீழ் வடிகிற வாசல். "மூணு வருஷத்துக்கு முன்னாடி பயங்கரமா வலிச்சுது டாக்டர், அப்புறம் தானாவே போயிடுச்சு" என்று யாராவது சொன்னால் நான் உடனே எக்ஸ்ரே எடுத்துவிடுவேன். பல் வியாதி தானாகப் போகாது. வலிதான் போகும்.

ஈறு வியாதியும் அப்படித்தான். பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது, "பிரஷ் கொஞ்சம் கடினமா இருக்கு போல" என்று பிரஷை மாற்றிக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. ஈறுக்கு அடியில் காரை படிந்து, பல்லைச் சுற்றிப் பள்ளம் விழுந்து, பள்ளம் முழுக்கக் கிருமி. இதில் வலி என்பது பல் ஆட ஆரம்பித்த பிறகுதான், சிலருக்கு அப்போதும் இல்லை. ஆகவே, தயவுசெய்து, வலி இல்லை என்பதை என்னிடம் ஒரு சான்றிதழ் மாதிரி நீட்டாதீர்கள்.

வாய்க்கிருமிக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈறு புண்ணாக இருக்கும் வாயில் பல் துலக்கும்போதும் மெல்லும்போதும்கூடக் கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன. நல்ல இதயம் அதைப் பொருட்படுத்துவதில்லை. செயற்கை வால்வில் அவை ஒட்டிக்கொண்டால் வருவது எண்டோகார்டைட்டிஸ் என்கிற இதய உள்ளுறைத் தொற்று. ரத்தக்குழாய் வழியாக வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும், பல சமயம் புது வால்வையே எடுத்துவிட்டு மறுபடி ஆபரேஷன், சிலர் பிழைப்பதில்லை. இவ்வளவு பெரிய ஆபரேஷனைத் தாங்கி வந்த ஒருவரை ஒரு கடைவாய்ப்பல் கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

"சரி டாக்டர், அந்தப் பல்லை இப்பவே பிடுங்கிடுங்க, திங்கட்கிழமைக்குள்ள ஆறிடாதா?" என்றார் மகன். ஆறாது. வால்வோ வேறு செயற்கைப் பொருளோ இதயத்தில் பொருத்தப் போகிறார்கள் என்றால், அவசர ஆபரேஷனாக இல்லாதபட்சத்தில், வாயில் இருக்கும் தொற்றை குறைந்தது 2 வாரத்துக்கு முன்பே ஒழித்துவிட வேண்டும் என்பது ஐரோப்பிய இதயநோய் மருத்துவர்களின் வழிகாட்டுதல். பிடுங்கிய குழியின் மேல் ஈறு மூடி வரவே அந்த அளவு நேரம் ஆகும், உள்ளே எலும்பு நிரம்ப மாதங்கள் ஆகும். இதய நுரையீரல் இயந்திரத்தில் போடும்போது ரத்தம் உறையாமல் இருக்க உடல் முழுக்க ஹெபாரின் கொடுப்பார்கள். இரண்டு நாளுக்கு முன் பிடுங்கிய பச்சைப் புண் அப்போது என்ன செய்யும்? கசியும். மயக்கத்தில் இருப்பவர் வாய்க்குள் கசியும் ரத்தத்தை யார் பார்த்துக்கொண்டு இருப்பது?

அதோடு, இதயம் பலவீனமானவருக்குப் பல் பிடுங்குவது சின்ன விஷயமும் கிடையாது. 2014-ல் வெளியான மேயோ கிளினிக் ஆய்வு ஒன்றில், இதய ஆபரேஷனுக்கு முன்னால் பல் பிடுங்கிய 205 பேரில் 8 சதவீதம் பேருக்கு மரணம் உள்ளிட்ட பெரிய சிக்கல்கள் வந்திருந்தன. பல் பிடுங்கியதால்தான் எல்லாமே நடந்தது என்று அதற்கு அர்த்தமில்லை, அவர்கள் ஏற்கெனவே கடுமையான நோயாளிகள். ஆனால் 'பிடுங்கிவிட்டால் முடிந்தது' என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்க முடியாது, ஆளுக்கு ஆள் எடைபோட வேண்டும் என்பது அதிலிருந்து தெளிவு. வால்வு மிகவும் சுருங்கியவரை நாற்காலியில் மல்லாக்கப் படுக்க வைக்கவே யோசிக்க வேண்டியிருக்கும், மூச்சு வாங்கும். மரத்துப்போகும் ஊசியில் இருக்கும் அட்ரினலினையும் அளந்துதான் கொடுப்போம். அதற்காக அட்ரினலினே கூடாது என்று அடம்பிடிக்காதீர்கள். சரியாக மரக்காமல் வலியிலும் பயத்திலும் உடம்பே சுரக்கிற அட்ரினலின் இதைவிட மோசம்.

அந்தப் பெரியவர் விஷயத்தில் அறுவை சிகிச்சை நிபுணருக்குப் போன் செய்தேன். அவருடைய நிலைமை தாங்கும் என்று நிபுணர் சொன்னதால் ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். குடும்பம் லீவு போட்டு, ரத்தம் கொடுக்க ஆள் ஏற்பாடு செய்து, பணத்தைப் புரட்டி வைத்திருந்தது, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. தள்ளிவைக்க முடியாத நிலையில் ஒருவர் வந்தால் இதயம்தான் முதலில், பல் அப்புறம். அந்த முடிவு உங்களுடையதும் இல்லை, என்னுடையது மட்டும் இல்லை. இதய டாக்டரும் நானும் பேசி எடுப்பது.

அடுத்து, "ஒரு கோர்ஸ் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுங்க, அது போதும்" என்று கேட்பவர்களுக்கு: போதாது. செத்த பல்லின் குழாய்க்குள் ரத்த ஓட்டமே கிடையாது, மாத்திரை அங்கே போய்ச் சேராது. வீக்கம் வற்றும், மூலம் அப்படியே இருக்கும். ரூட் கெனால் செய்து உள்ளே சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் எடுக்க வேண்டும்.

ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரைகள் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பல் டாக்டரிடம் போகிறோம் என்று ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரெலையோ வார்ஃபரினையோ நீங்களாகவே நிறுத்திவிட்டு வராதீர்கள். இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்கிற வலைக்குழாய் வைத்த சில மாதத்தில் இப்படி நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும், ஆளே போய்விடலாம். பல் பிடுங்கிய இடத்தில் வரும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தி, தையல் போட்டு என்னால் நிறுத்த முடியும். வார்ஃபரின் சாப்பிடுபவர் என்றால் ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் ரிப்போர்ட்டைப் புதிதாக எடுத்துக் கொண்டு வாருங்கள், அளவு கட்டுக்குள் இருந்தால் மருந்தை நிறுத்தாமலேயே சாதாரணமாகப் பல் எடுத்துவிடலாம். ஆபரேஷனுக்காக எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை இதய டாக்டர் சொல்லுவார், பக்கத்து வீட்டுக்காரர் இல்லை.

எல்லா இதய ஆபரேஷனும் ஒன்றில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் இவ்வளவு கறாராகப் பேசுவது முக்கியமாக வால்வு மாற்றுபவர்களுக்கும், பிறவிக் கோளாறுக்காகச் செயற்கைப் பொருள் வைத்துச் சரிசெய்பவர்களுக்கும். வெறும் பைபாஸ் என்றால் இந்த அளவு நெருக்கடி இல்லை, ஆனாலும் சீழ் பிடித்த வாயோடு யாரும் ஆபரேஷன் டேபிளில் ஏற வேண்டாம். இன்னொன்று, மேல் முன்பல் ஆடுகிறது என்றால் எந்த ஆபரேஷனாக இருந்தாலும் மயக்க மருந்து டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தொண்டையில் குழாய் போடும்போது அது பெயர்ந்து நுரையீரலுக்குள் போன கதைகள் உண்டு. கழற்றி மாட்டும் பல்செட்டை மறைத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

சக மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். எக்கோ என்கிற இதய ஸ்கேனில் வால்வு கெட்டிருப்பது தெரிந்து, இன்றில்லாவிட்டாலும் என்றாவது ஆபரேஷன் வரும் என்று தோன்றுகிற அன்றே பல் சீட்டை எழுதிக் கொடுத்துவிடுங்கள். பல் மருத்துவர்களே, முழுத் தாடை எக்ஸ்ரே எடுக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், பயந்துபோய்க் காப்பாற்றக்கூடிய பல்லையெல்லாம் பிடுங்கியும் தள்ளாதீர்கள். ஆபரேஷன் முடிந்து மெல்ல முடியாமல் உடம்பு தேறுவது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும்.

வால்வு மாற்றியாகிவிட்டதா? அவசரமில்லாத பல் வேலைகளுக்குச் சில மாதம் பொறுங்கள், இதய டாக்டர் சரி என்ற பிறகு வாருங்கள். எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் உட்காரும் முன்பே 'வால்வு போட்டிருக்கு' என்று சொல்லுங்கள். ஈறைக் கீறுகிற, பல்லைப் பிடுங்குகிற வேலை என்றால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் ஒரே வேளையாக ஆன்டிபயாடிக், பெரியவர்களுக்கு வழக்கமாக 2 கிராம் அமாக்ஸிசிலின். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், வேறு மருந்து இருக்கிறது. முன்பு அந்த இடத்தில் கொடுத்துவந்த கிளிண்டாமைசினை அமெரிக்க இதயச் சங்கம் 2021-ல் வேண்டாம் என்று விட்டுவிட்டது. ஆகவே வீட்டில் பழைய சீட்டு இருந்தால் அதை வைத்து வாங்கிச் சாப்பிடாதீர்கள். பைபாஸ் செய்தவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும், வேறு காரணம் இல்லாதபோது, இந்த ஆன்டிபயாடிக் தேவையில்லை. அவர்கள் பயந்து ஒவ்வொரு கிளீனிங்குக்கும் மாத்திரை விழுங்க வேண்டியதில்லை.

வால்வு போட்டவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்து போய்க்கொண்டிருந்தால், ராத்திரியில் வியர்த்தால், பசியில்லாமல் எடை குறைந்தால், மருந்துக்கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். அரைகுறையாகப் போட்ட மருந்து ரத்தப் பரிசோதனையில் கிருமி தெரியாமல் மறைத்துவிடும், எந்தக் கிருமி என்று தெரியாமல் சரியான மருந்தைத் தேர்ந்தெடுப்பது ரொம்பச் சிரமம். நேராக இதய டாக்டரிடம் போய், வால்வு போட்டிருக்கிறது, காய்ச்சல் இத்தனை நாளாக இருக்கிறது என்று சொல்லி, ரத்தத்தில் என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்கும் ரத்தக் கல்ச்சர் பரிசோதனையை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.