பென்னட் பக்கி: குதிரை இழுத்த கார்

1930களில் கனடாவின் புல்வெளி மாகாணங்களில், அதிலும் முக்கியமாக சஸ்காச்சுவானில், குதிரை பூட்டி ஓட்டிய மோட்டார் காருக்குப் பெயர் பென்னட் பக்கி. 'பக்கி' என்பது இலகுவான குதிரை வண்டிக்கு ஆங்கிலத்தில் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே வழங்கும் சொல். பென்னட் என்பவர் 1930 முதல் 1935 வரை பிரதமராக இருந்த ஆர்.பி. பென்னட்.

காரை ஏன் குதிரை இழுத்தது? கோதுமை நல்ல விலைக்குப் போன 1920களில் விவசாயிகள் கார் வாங்கினார்கள். 1929 கோடையில் புஷெல் (சுமார் 27 கிலோ) ஒன்றரை டாலரைத் தாண்டி விற்ற கோதுமை, 1932 கடைசியில் 40 சென்ட்டுக்கும் கீழே போனது. போதாததற்கு மழை பொய்த்தது, மேல்மண் புழுதியாகப் பறந்தது, விளைந்த கொஞ்சத்தையும் வெட்டுக்கிளி தின்றது. பெட்ரோலுக்குக் காசில்லை, குதிரையோ கொட்டிலில் நின்றது. இன்ஜினைக் கழற்றி, கடிவாளம் உள்ளே வர முன்கண்ணாடியையும் எடுத்துவிட்டு, முன்னால் ஏர்க்கால் பொருத்திக் குதிரையைப் பூட்டினார்கள். ரப்பர் டயரும் ஸ்பிரிங்கும் இருந்ததால் மரச்சக்கர வண்டியைவிட அலுங்காமல் போனது.

வேலையின்மையை ஒழிப்பேன் என்று வாக்குக் கொடுத்து ஆட்சிக்கு வந்தவர் பென்னட். 1933இல் வேலை செய்யக்கூடியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வேலை இல்லை. அந்தக் கோபம்தான் பெயரில் ஏறியது. வறுத்த தானியத்தில் போட்ட காப்பி 'பென்னட் காப்பி' ஆனது. பூங்கா பெஞ்சில் படுத்தவர்கள் போர்த்திக்கொண்ட செய்தித்தாள் 'பென்னட் போர்வை' ஆனது.

வறட்சிக்கும் உலகச் சந்தை விலைக்கும் அவரைப் பழிப்பது நியாயமில்லை. உதவி கேட்டுக் கடிதம் எழுதிய பலருக்குத் தன் கைக்காசிலிருந்து பணம் அனுப்பியவர் அவர். ஆனால் திருமணமாகாத வேலையற்ற ஆண்களை நாளுக்கு 20 சென்ட் கொடுத்து, ராணுவத் துறை நடத்திய நிவாரண முகாம்களில் வைத்திருந்ததும் அவருடைய அரசுதான். அதற்கு என்னால் சமாதானம் சொல்ல முடியவில்லை. 1935 ஜூனில் அவர்கள் வான்கூவரிலிருந்து சரக்கு ரயில்களில் ஏறி, நியாயம் கேட்கத் தலைநகர் ஒட்டாவாவுக்குப் புறப்பட்டார்கள். வழியில் சஸ்காச்சுவானின் ரெஜைனா நகரில் தடுக்கப்பட்டார்கள், ஜூலை 1 அன்று அங்கே கலவரம் வெடித்தது. அக்டோபர் தேர்தலில் பென்னட் தோற்றார்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'பக்கி' என்று அப்படியே எழுதினால் நம் காதில் வசவாக விழும். 'பென்னட் வண்டி' என்பதே பொருத்தம். மாடு இழுப்பதையும் இன்ஜினில் ஓடுவதையும் நாம் வண்டி என்றுதானே சொல்கிறோம்? இரண்டுக்கும் நடுவில் நின்ற இதற்கு அந்தச் சொல் கச்சிதம். 'குதிரைக் கார்' என்றால் பொருள் விளங்கும், ஆனால் பென்னட் பெயரோடு அந்த மக்களின் கோபமும் விடுபட்டுவிடும். அமெரிக்காவில் இதையே அப்போதைய அதிபர் ஹூவர் பெயரால் அழைத்தார்கள். அதையும் இதே வழியில் 'ஹூவர் வண்டி' என்று எழுதலாம்.