ஃபோன் அடிக்கும் முன்பே துள்ளும் நிலநடுக்கமானி

"ஃபோன் மணி அடிப்பதற்கு ஓரிரு நொடி முன்பே என் நிலநடுக்கமானியின் கோடு துள்ளிவிடுகிறது. அதற்கு எப்படி முன்கூட்டியே தெரிகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தரையின் அதிர்வை மின்சைகையாக்கும் ஒரு ஜியோஃபோன், அதைப் பெருக்கும் ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு குட்டிக் கணினி என்று வீட்டிலேயே கட்டிய கருவி.

கேள்வியின் முதல் பாதி எளிது. மணி அடிக்கும் முன் ஃபோனும் கோபுரமும் தமக்குள் பேசி முடித்தாக வேண்டும். 'உனக்கு ஒரு அழைப்பு' என்று கோபுரம் கூப்பிடும், 'இங்கேதான் இருக்கிறேன்' என்று ஃபோன் பதில் சொல்லும். அந்தப் பதிலில்தான் கோடு துள்ளுகிறது. ஞானதிருஷ்டி எதுவும் இல்லை.

இரண்டாம் பாதிதான் எனக்குப் பிடித்தது. ஜியோஃபோனில் நாம் பார்ப்பது நொடிக்குச் சில பத்து அதிர்வுகள். பழைய 2ஜி ஃபோன் பேசும் 900 மெகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு 90 கோடி. நம் ஆம்ப்ளிஃபையர் சிப்பால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவே முடியாது. ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம்தானே மிஞ்ச வேண்டும்?

மிஞ்சுவதில்லை. காரணம், உள்ளே நுழைந்ததும் இருக்கும் முதல் டிரான்சிஸ்டர். அதில் மின்னழுத்தம் சுமார் 60 மில்லிவோல்ட் ஏறினால் மின்னோட்டம் பத்து மடங்காகும், அதே அளவு இறங்கினால் பத்தில் ஒன்றாகும். ஓட்டம் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது 10, இறங்கும்போது 0.1. இரண்டின் சராசரி 1 அல்ல, 5.05! ஏற்றத்தில் வந்த லாபத்தை இறக்கம் ஈடுகட்டவில்லை. ரேடியோ அலை மறைந்துபோனாலும் அதன் நிழல் ஒரு மெதுவான மேடாக நின்றுவிடுகிறது. டயோடு வைத்த பழைய கிரிஸ்டல் ரேடியோ பாடியதும் இதே வித்தையால்தான். நாம் கேட்காமலேயே நம் ஆம்ப்ளிஃபையரும் ரேடியோவாகிவிட்டது.

அப்புறம் இன்னொரு கூத்து. 2ஜி ஃபோன் தொடர்ந்து பேசாது. எட்டுப் பேர் முறை வைத்துப் பேசுவதால், 4.615 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் வாய் திறக்கும். நொடிக்கு 217 தடவை. ஸ்பீக்கர் பக்கத்தில் கேட்கும் அந்த 'டிர்ர் டிர்ர்' இதுதான். கணினி நொடிக்கு 100 அளவுகள் எடுத்தால் 217 அதில் அடங்காது. மடிந்து, 200 போக மீதி 17 ஹெர்ட்ஸாகத் தெரியும். பக்கத்தில் லாரி போனது போலவே இருக்கும்! இந்த நிலைக்கு வந்த பிறகு எந்த மென்பொருளாலும் அதைப் பிரிக்க முடியாது. வடிகட்டும் நிரல் எழுதி எழுதி இரண்டு வாரம் நானே வீணடித்திருக்கிறேன். முதல் டிரான்சிஸ்டருக்கு முன்னாலேயே மறித்தால்தான் உண்டு.

பெரும்பாலும் அது நுழையும் வாசல் கேபிள். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். அதில் கால்வாசி, வெறும் 8 சென்டிமீட்டர் கம்பி இருந்தாலே நல்ல ஆன்டெனா. அங்கே காவலுக்கு நிறுத்த வேண்டியது ஒரு ஃபெரைட் (காந்தத் தன்மையுள்ள பீங்கான்) வளையம். பழைய மானிட்டர் கேபிளில் உருண்டையாகத் தொங்குமே, அதேதான்.

கேபிளின் இரண்டு கம்பிகளையும் சேர்த்தே வளையத்துக்குள் விட வேண்டும். ஜியோஃபோனின் சைகை ஒரு கம்பியில் போய் மற்றதில் திரும்புகிறது. எதிரெதிர் ஓட்டம் என்பதால் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சைகை கடந்து போனதே வளையத்துக்குத் தெரியாது. ரேடியோ இரைச்சலோ இரண்டு கம்பிகளிலும் ஒரே திசையில் ஏறி வருகிறது. புலங்கள் கூடுகின்றன, ஃபெரைட் அந்த ஆற்றலை வாங்கிச் சூடாக்கித் தீர்த்துவிடுகிறது. ஒரே கம்பியில் வரும் இருவரில் ஒருவரை மட்டும் பிடித்து நிறுத்தும் இந்தச் சாமர்த்தியம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

இரண்டு சுற்றுச் சுற்றினால் தடை நான்கு மடங்கு, மூன்று சுற்றினால் ஒன்பது மடங்கு. ஆனால் பேராசை வேண்டாம். சுற்றுகள் நெருங்கினால் மிக உயர்ந்த அதிர்வெண் சுற்றுக்குச் சுற்று தாவிப் போய்விடும். ஃபோனுக்கு ஒன்றிரண்டு சுற்று போதும். சார்ஜர், எல்இடி பல்பு கிளப்பும் சில மெகாஹெர்ட்ஸ் இரைச்சலுக்குத்தான் அதிகச் சுற்று. வளையம் ஆம்ப்ளிஃபையரை ஒட்டியே இருக்கட்டும்.

மற்றவை சடசடவென்று முடியும். உள்ளீட்டில் 1 கிலோஓம் ரெசிஸ்டர், அதன்பின் கிரவுண்டுக்கு, கால்களைக் குட்டையாக வெட்டிய 1 நானோஃபாரட் கெப்பாசிட்டர். சுற்றிலும் உலோகப் பெட்டி. கனம் தேவையில்லை, 900 மெகாஹெர்ட்ஸ் அலை அலுமினியத்தில் 3 மைக்ரோமீட்டர் போவதற்குள் மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். இடுக்குகள்தான் பிரச்சினை.

ஃபோன் முதுகில் ஒட்டினால் கதிர்வீச்சைத் 'தடுக்கும்' என்று ஸ்டிக்கர் விற்கிறார்களே, அதைச் சோதிக்கவும் இந்தக் கருவி போதும். ஒட்டிவிட்டுப் பாருங்கள், கோடு அதே உயரம் துள்ளும். உண்மையிலேயே தடுத்தால், கோபுரத்தை எட்டுவதற்காக ஃபோன் இன்னும் உரக்கத்தான் கத்தும்.

வீட்டுக் கருவிதானே இப்படி என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸில் இருக்கும் 64 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியில் 1998 முதல் பதிவான சில விசித்திரத் துடிப்புகளுக்கு 2015இல்தான் விடை கிடைத்தது. அங்கிருந்த மைக்ரோவேவ் அடுப்பை, ஓடி முடிவதற்குள் யாரோ பொறுமையில்லாமல் திறந்திருக்கிறார்கள்.

சரி, வாசகர் செய்ய வேண்டியது இதுதான்: வளையத்தை மாட்டுங்கள், ஃபோனைக் கருவியின் பக்கத்திலேயே வையுங்கள், இன்னொரு ஃபோனிலிருந்து கூப்பிட்டுவிட்டுக் கோட்டைப் பாருங்கள்.